ஏழு தண்டுகளும் ஒரு மணியும்: ஜி புரத மாதிரித் தொகுப்பு – ஒரு மதிப்புரை

செல் சவ்விலுள்ள ஹார்மோன் ஏற்பி, அதாவது ஹார்மோனைப் பிடிக்கும் புரதம், செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதத்தை எவ்வாறு தூண்டுகிறது என்பதைக் கையால் இணைத்தும் பிரித்தும் காட்டக்கூடிய மாதிரித் தொகுப்பு ஒன்றைச் சென்ற ஆண்டு ஜூலை மாதம் 4,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை விலங்கியல் மாணவர்களுக்கு உயிர்வேதியியல் தாளைத் தமிழ்வழியில் நடத்தி வருகிறேன். இரண்டு பருவங்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் மாணவர் கையில் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள ஒரு பிழையை நீங்களே திருத்தியாக வேண்டும். அந்தப் பிழை பட்டாணி அளவுள்ள ஒரு மணியில் இருக்கிறது. பாடத்தின் உயிர்நாடியே அந்த இடத்தில்தான் என்பதால் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே அமையும். இதையொத்த தொகுப்புகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே தயாரிப்பாளரின் பெயரைவிட, எதை வாங்கினாலும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் வருவது 8 செ.மீ. தடிமனுள்ள வெளிர் மஞ்சள் நுரைப் பலகை. அதுதான் செல் சவ்வு. ஒரு நானோமீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவுத்திட்டத்தைக் கையேடு குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 4 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வுக்கு இந்தப் பலகை பொருந்தவே செய்கிறது. பலகையில் ஏழு துளைகள். அவற்றில் செருகுவதற்கு ஏழு பிளாஸ்டிக் தண்டுகள். தண்டுகளை ஒன்றோடொன்று கோக்க ஆறு கயிற்று வளையங்கள். மூன்று வளையங்கள் சவ்வுக்கு வெளியே, மூன்று உள்ளே. கயிற்றின் ஒரு நுனி வெளிப்பக்கமும் மறுநுனி உட்பக்கமும் நிற்கும். மாணவர் ஒருவர் இந்தக் கயிற்றைத் தானே கோத்து முடித்துவிட்டால், ஒரே புரதச் சங்கிலி சவ்வை ஏழு முறை ஊடுருவுகிறது என்ற வரியை அவர் பிறகு ஒருபோதும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஏற்பியைத் தவிர, ஜி புரதத்தின் பச்சை நிற ஆல்பா துணை அலகு, ஒட்டியே வரும் நீல நிற பீட்டா, காமா துணை அலகுகள், ஆரஞ்சு நிற அடினைலைல் சைக்ளேஸ் நொதி, அந்த நொதி உருவாக்கும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியைக் குறிக்கும் 20 வெள்ளை வில்லைகள், நான்கு துண்டுகளாகப் பிரியும் புரதக் கைனேஸ்-ஏ, ஹார்மோன்களாக மூன்று உருண்டைகள், காலரா நச்சு என்று எழுதப்பட்ட மஞ்சள் கவ்வி ஒன்று, 24 பக்க ஆங்கிலக் கையேடு ஆகியவை உள்ளன.

இப்படியொரு பொருள் எதைக் காட்டியாக வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதில்லை. அது சவ்வின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் உள்ளே சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸ் வெளிவருகிறது. வெளியே நிற்பவர் சொன்ன செய்தி உள்ளே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்தின் குழு 1957இல் இதற்கு முதல் விடையைக் கண்டது. கல்லீரல் செல்களை நொறுக்கிச் சுழற்றி, சவ்வுத் துணுக்குகளை ஒருபுறமும் தெளிந்த நீர்மத்தை மறுபுறமும் பிரித்தபோது, நீர்மத்தில் ஹார்மோனைச் சேர்த்தும் பலன் இல்லை. ஹார்மோனைச் சவ்வுத் துணுக்குகளோடு சேர்த்து, அதைக் கொதிக்கவைத்துப் புரதங்களைச் செயலிழக்கச் செய்து, மிஞ்சியதை நீர்மத்தில் ஊற்றியபோதோ கிளைக்கோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. வெப்பத்தைத் தாங்கிய அந்தச் சிறு மூலக்கூறுதான் சைக்ளிக் ஏஎம்பி. சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஏற்பிக்கும் சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் நொதிக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார் என்பது அப்போது தெரியாது. அந்த நடுவர்தான் ஜி புரதம். இந்தத் தொகுப்பு விற்கப்படுவதே அவரைக் காட்டுவதற்காகத்தான்.

தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி ஆறாவது தண்டு. மற்ற ஆறும் பலகையில் அசையாமல் நிற்க, இது மட்டும் மேல்முனையில் ஒரு கீலோடு பொருத்தப்பட்டுள்ளது. அட்ரினலின் உருண்டையை மேலே உள்ள குழியில் அழுத்தினால், ஆறாவது தண்டின் கீழ்முனை வெளிப்பக்கமாக விலகுகிறது. நான் அளவுகோல் வைத்து அளந்தேன். ஏறத்தாழ 3 செ.மீ. விலகுகிறது. பிரையன் கோபில்காவின் குழு 2011இல் அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒன்றான பீட்டா-2 ஏற்பியையும், சைக்ளேஸைத் தூண்டும் வகை ஜி புரதமான ஜி-எஸ் புரதத்தையும் இணைந்த நிலையில் படிகமாக்கி அமைப்பைக் கண்டபோது, ஆறாவது சுருளின் உட்முனை 14 ஆங்ஸ்ட்ராம், அதாவது 1.4 நானோமீட்டர், வெளிநோக்கி நகர்ந்திருந்தது. கையேட்டின் அளவுத்திட்டப்படி அது 2.8 செ.மீ. இவ்வளவு சரியாகச் செய்த கைகளை மனதாரப் பாராட்டுகிறேன். ஹார்மோன் தொடும் இடமோ மேலே. திறக்கும் இடமோ கீழே. நடுவில் சவ்வின் முழுத் தடிமனும் இருக்கிறது. செய்தி சவ்வைக் கடந்தது, பொருள் கடக்கவில்லை என்பதைக் கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டாலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

விலகிய தண்டு கீழே ஒரு பள்ளத்தைத் திறந்துவிடுகிறது. ஆல்பா துணை அலகின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் போன்ற பகுதி அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் அமர்கிறது. அது அமர்ந்தவுடன், இரண்டு மடல்களாகச் செய்யப்பட்ட ஆல்பா, நடுவிலுள்ள கீலில் ஒரு மடல் பெரிதாகச் சுழன்று, சிப்பி வாய் திறப்பதுபோலத் திறந்துகொள்கிறது. இதுவும் 2011ஆம் ஆண்டின் படிகத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். அதில் ஆல்பாவின் சுருள் மடல் ஏறத்தாழ 127 டிகிரி சுழன்றிருந்தது. இதுவரை எல்லாம் சரி.

மேலே செல்வதற்கு முன், தமிழில் கற்பிக்கும் அனைவரும் அறிந்த ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஜி புரதம் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளான குவானோசின் டைபாஸ்பேட் (இரண்டு பாஸ்பேட் கொண்டது), குவானோசின் ட்ரைபாஸ்பேட் (மூன்று கொண்டது) என்ற இரண்டின் சுருக்கங்களையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ஜிடிபி என்றே ஆகிவிடுகின்றன. எது எதுவாக மாறியது என்பதே பாடமாக இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் விடைத்தாளில் மாணவர் எழுதியதற்கு என்ன பொருள் என்று திருத்துபவருக்கே புரியாது. எங்கள் வகுப்பில் டைபாஸ்பேட், ட்ரைபாஸ்பேட் என்று முழுமையாகவே சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது அந்த மணிக்கு வருவோம். ஆல்பாவின் இரு மடல்களுக்கும் நடுவே ஒரு குழி. அதில் ஒரு சாம்பல் நிற வில்லை. வில்லையின் ஓரத்தில் இரண்டு சிவப்பு மணிகள். அதுதான் டைபாஸ்பேட். தொகுப்பில் மூன்றாவது சிவப்பு மணி ஒன்று தனியாக வருகிறது. ஏற்பி ஆல்பாவைத் தொட்டு மடல் திறந்ததும், இந்த மூன்றாவது மணியை வில்லையில் உள்ள டிச் பட்டனில் அழுத்திப் பொருத்துமாறு கையேட்டின் ஒன்பதாம் பக்கம் கூறுகிறது. பொருத்தினால் டைபாஸ்பேட் ட்ரைபாஸ்பேட்டாக மாறிவிடுகிறது. புரதம் செயல்படத் தொடங்குகிறது.

இது தவறு. ஏற்பி எந்தப் பாஸ்பேட்டையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. ஓய்வு நிலையில் ஆல்பா தன் டைபாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்பி செய்வதெல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்துவது ஒன்றுதான். பிடி தளர்ந்ததும் டைபாஸ்பேட் முழுதாக வெளியேறுகிறது. குழி சிறிது நேரம் காலியாக இருக்கிறது. பிறகு செல்லின் நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கும் வேறொரு மூலக்கூறு, ட்ரைபாஸ்பேட், அதில் வந்து அமர்கிறது. இது பரிமாற்றம். ஒரு மூலக்கூறு போய் இன்னொரு மூலக்கூறு வருவதற்கும், இருக்கும் மூலக்கூறில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பின்னது கைனேஸ் நொதிகளின் வேலை. ஏற்பியையும் கைனேஸையும் குழப்பிக்கொண்ட மாணவருக்கு, இன்சுலின் ஏற்பியைப் பற்றிய அடுத்த பாடமும் குழம்பித்தான் போகும். ஏனெனில் அந்த ஏற்பி உண்மையிலேயே பாஸ்பேட்டை ஒட்டும் வகையைச் சேர்ந்தது.

முதல் முறை தொகுப்பை வகுப்புக்கு எடுத்துச் சென்றபோது, கையேட்டை முழுவதும் படித்துப் பாராமல் மாணவர்களிடமே கொடுத்துவிட்டேன். அது என் தவறு. ஐந்து பேர் கொண்ட குழு, கையேட்டின் படங்களைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டு வந்தது. மணியை அழுத்திப் பொருத்திய மாணவி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மேடம், பழசு வெளியில போகவே இல்லையே. அப்புறம் எதுக்கு இந்தக் கதவு திறக்குது?” என்று கேட்டாள். மடலைத்தான் அவள் கதவு என்றாள். தயாரிப்பாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மணி ஒன்றை வெளியிலிருந்து ஒட்டுவதுதான் நோக்கம் என்றால், இவ்வளவு பெரிய மடல் இவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. கதவு திறப்பது உள்ளே இருப்பவர் வெளியேறுவதற்காக. 2011இல் படமாக்கப்பட்ட அந்த இணைப்பிலும் குழி காலியாகத்தான் இருந்தது. டைபாஸ்பேட் போய்விட்டது, ட்ரைபாஸ்பேட் இன்னும் வரவில்லை என்ற இடைநிலை அது. மாதிரியைச் செய்தவர்கள் அந்த அமைப்பின் கதவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது எதற்கான கதவு என்பதைத் தவறவிட்டுவிட்டார்கள்.

காலியான குழியில் மீண்டும் டைபாஸ்பேட்டே வந்து அமராமல் ட்ரைபாஸ்பேட் ஏன் அமர்கிறது என்ற கேள்வியை அதே வகுப்பில் வேறொருவர் எழுப்பினார். செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட்டின் செறிவு டைபாஸ்பேட்டைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகவே திறந்த வாசலில் அதுவே நுழைய வாய்ப்பு அதிகம். ஏற்பிக்கு எது வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. வாசலைத் திறப்பது மட்டுமே அதன் பங்கு. மீதியைச் செல்லின் நிலவரம் பார்த்துக்கொள்கிறது. இந்த இடத்தில் மார்ட்டின் ராட்பெல்லின் கதையைச் சொல்லாமல் நான் வகுப்பைக் கடப்பதில்லை. அமெரிக்காவில் பெதெஸ்டா தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், எலியின் கல்லீரல் சவ்வுகளில் குளுக்கோகானின் செயலை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, கடையில் வாங்கிய அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பயன்படுத்தினால் சோதனை வெற்றி பெறுவதும், தூய்மையான அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பயன்படுத்தினால் ஹார்மோனின் விளைவு தேய்ந்துபோவதும் விளங்காமல் இருந்தது. கடைச் சரக்கில் கலப்படமாகக் குவானோசின் ட்ரைபாஸ்பேட் இருந்தது. வேலை செய்தது அதுதான். ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே குவானோசின் ட்ரைபாஸ்பேட்டால் இயங்கும் கடத்தி ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் உருவானது. பிறகு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் கில்மனின் குழு, ஏற்பியும் சைக்ளேஸும் இருந்தும் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காத ஒரு வகைப் புற்றணுக்களைப் பயன்படுத்தி, இயல்பான செல்களிலிருந்து எந்தப் புரதத்தைச் சேர்த்தால் அவை மீண்டும் செவிசாய்க்கின்றன என்று தேடி, 1980இல் ஜி-எஸ் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. இருவருக்கும் 1994இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிழையைத் திருத்த எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஏறத்தாழ 160 ரூபாயும் செலவாயின. எம்-சீலைப் பிசைந்து, தொகுப்பில் வந்த சாம்பல் வில்லையின் அச்சிலேயே எட்டு வில்லைகள் செய்தேன். தையல் பொருள் கடையில் சிறிய டிச் பட்டன்களும் சிவப்புப் பாசிமணிகளும் கிடைத்தன. ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு மணிகளை நிலையாக ஒட்டி, மூன்றாவதை மட்டும் பட்டனில் கழற்றும்படி வைத்தேன். எட்டு ட்ரைபாஸ்பேட் வில்லைகள் கிடக்கும் ஒரு கிண்ணத்தைச் சவ்வுப் பலகைக்குக் கீழே வைக்கிறேன்; குழியிலிருந்து வெளியேறும் ஒரே ஒரு டைபாஸ்பேட் வில்லையும் அதில் சேர்ந்துவிடும். இந்த எண்ணிக்கை செல்லின் துல்லியமான விகிதம் அன்று. ஒன்று மிகுதி, மற்றது குறைவு என்பதை மாணவரின் கண்ணுக்குக் காட்டுவதற்கு மட்டுமே. விதி இதுதான்: மடல் திறந்ததும் உள்ளே இருக்கும் வில்லையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், குழி காலியாக இருப்பதை எல்லோரும் பார்க்க வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் கையை விட்டுக் கிடைத்ததை எடுத்து வைக்க வேண்டும். சில நேரம் டைபாஸ்பேட்டே மீண்டும் கையில் வரும். அப்போது எதுவும் நடக்காது. ஏற்பியோடு ஒட்டியபடியே மறுபடியும் முயல வேண்டும். விளையாட்டைப் போலத் தோன்றினாலும், கையேட்டின் ஒன்பதாம் பக்கம் சொல்லத் தவறிய அனைத்தும் இதில் வந்துவிடுகிறது.

ட்ரைபாஸ்பேட் அமர்ந்த பிறகு நடப்பதைத் தொகுப்பு மிக அழகாகக் காட்டுகிறது. மூன்றாவது மணி குழிக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது. நெம்புகோல் ஆல்பாவின் மறுபக்கத்தில் ஒரு தகட்டை எழுப்புகிறது. அந்தத் தகட்டின் மேல்தான் நீல நிற பீட்டா-காமா காந்தத்தால் ஒட்டியிருந்தது என்பதால் அது தானாகக் கழன்று விலகுகிறது. உண்மையிலும் மூன்றாவது பாஸ்பேட் ஆல்பாவின் சில பகுதிகளைத் தன்பால் இழுத்து வடிவம் மாற்றுவதாலேயே பீட்டா-காமாவின் பிடி தளர்கிறது. ஒரேயொரு பாஸ்பேட்டின் வருகை ஒரு புரதத்தின் நட்பையே மாற்றிவிடுகிறது என்பதை விரலின் கீழ் உணர முடிகிறது. ஆனால் பிரிந்து சென்ற பீட்டா-காமாவுக்குக் கையேடு எந்த வேலையும் கொடுக்கவில்லை; ஆல்பாவைக் கட்டிவைக்கும் பூட்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. இதயத்தில் அசிட்டைல்கோலின் துடிப்பைக் குறைக்கும்போது பொட்டாசியம் வாயிலை நேரடியாகத் திறப்பது பீட்டா-காமாதான் என்பதை ஆசிரியர் வாய்மொழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விடுபட்ட ஆல்பா, சவ்வின் உட்பரப்பை ஒட்டியே நகர்ந்து அடினைலைல் சைக்ளேஸைத் தொடுகிறது. வெள்ளை வில்லைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. நான்கு வில்லைகள் புரதக் கைனேஸ்-ஏவின் இரு கட்டுப்படுத்தும் துண்டுகளிலும் இரண்டிரண்டாக அமர்ந்ததும், வினைபுரியும் இரு துண்டுகளும் பிரிகின்றன. இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. ஒரு ஹார்மோன் மூலக்கூறு பிணைந்திருக்கும் நேரத்தில் ஓர் ஏற்பி ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஜி புரதங்களைத் தூண்ட முடியும். பெருக்கம் தொடங்குவதே அங்குதான். தொகுப்பிலோ ஆல்பா ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு ஹார்மோனுக்கு ஓர் ஆல்பா, ஓர் ஆல்பாவுக்கு 20 சைக்ளிக் ஏஎம்பி என்ற கணக்கு மாணவர் மனதில் பதிகிறது. ஆல்பாவும் சைக்ளேஸும் சேரும் படியில் ஒன்றுக்கு ஒன்றுதான் கணக்கு; பெருக்கம் நிகழ்வது அதற்கு முன்னும் பின்னும். இன்னும் இரண்டு ஆல்பாக்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் இது சரியாகிவிடும்.

அணைக்கும் படிக்கு வரும்போதுதான் அந்த மூன்றாவது மணி தன் உண்மையான இடத்தைக் கண்டடைகிறது. ஆல்பா தானே ஒரு நொதி. தன்னிடம் உள்ள ட்ரைபாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிடுகிறது. இங்கே மூலக்கூறு மாறுவதில்லை. அதே மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட்டாகிறது. ஆகவே மணியைக் கழற்றுவது முற்றிலும் சரி. தூண்டும்போது வில்லையையே மாற்ற வேண்டும்; அணைக்கும்போது மணியை மட்டும் கழற்ற வேண்டும். இந்தச் சுழற்சி ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்புவதன்று. போன வழி வேறு, வந்த வழி வேறு. தயாரிப்பாளர் திரும்பும் வழியை அறிந்திருந்தார், அதையே தலைகீழாக்கிப் போகும் வழியாகவும் காட்டிவிட்டார் என்றே எண்ணுகிறேன். பாடநூல் படங்கள் பலவற்றிலும் ஒரே இரட்டை அம்புக்குறியால் இரண்டையும் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிழையின் ஊற்று அங்கே இருக்கக்கூடும்.

காலரா நச்சைக் குறிக்கும் மஞ்சள் கவ்வியை இந்தப் பெட்டியிலேயே மிகவும் விரும்புகிறேன். அதை ஆல்பாவின் ஓரத்தில் மாட்டிவிட்டால் டிச் பட்டனைக் கழற்ற முடியாது. மணி கழலாது, நெம்புகோல் தாழாது, பீட்டா-காமா திரும்ப ஒட்டாது, சைக்ளேஸ் நிற்காது. வெள்ளை வில்லைகள் 20உம் மேசைமேல் கொட்டித் தீர்ந்துபோகும்வரை மாணவர்கள் மணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். குடலின் உட்சுவர் செல்களில் நடப்பது இதுவே. நச்சு ஆல்பாவிலுள்ள ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலத்தின் மீது அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸ் என்ற தொகுதியை ஒட்டிவிடுகிறது. வெட்டும் திறன் போய்விடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகிறது. குளோரைடு குடலுக்குள் பாய, சோடியமும் நீரும் அதைத் தொடர்கின்றன. காலராக் கிருமி இப்படியொரு நச்சைச் சுரக்கிறது என்பதை முயலின் குடலில் சோதித்து நிறுவியவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே, ஆண்டு 1959. அவர் பெயர் கையேட்டில் இல்லை. இந்தியாவில் விற்கும் தொகுப்பில் அது இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹார்மோன் எதுவும் வராமலேயே ஏற்பிக்குக் கீழே ஒரு பிடிப்பு ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே கவ்வியால் காட்டலாம்: கருவுற்ற பின், கரு வளர்ச்சியின் தொடக்கத்தில், சில செல்களில் மட்டும் அந்த ஆர்ஜினின் மாறிவிடுவதால் வரும் மெக்கியூன்-ஆல்பிரைட் நோய்க்குறியிலும் ஆல்பா இதேபோல அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

ஹார்மோன் உருண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவை சரியில்லை. அட்ரினலின், குளுக்கோகான், தைராய்டு தூண்டும் ஹார்மோன் மூன்றும் ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு. அட்ரினலினின் மூலக்கூறு நிறை 183 டால்ட்டன். 29 அமினோ அமிலங்கள் கொண்ட குளுக்கோகான் ஏறத்தாழ 3,500. தைராய்டு தூண்டும் ஹார்மோன் ஏறத்தாழ 28,000. முதலாவது தண்டுகளின் நடுவே உள்ள குழியில் அடங்கிவிடும். மற்ற இரண்டையும் பிடிக்க ஏற்பியின் வெளிப்புறத்தில் பெரிய பகுதி ஒன்று தேவைப்படுகிறது, அது இந்த மாதிரியில் இல்லை. நான் அட்ரினலினை மட்டும் பயன்படுத்துகிறேன்.

அதைவிட முக்கியமான குறை, தொகுப்பில் ஜி-எஸ் என்ற ஒரே வகை ஜி புரதம்தான் இருக்கிறது என்பது. இதைக் கொண்டு பயின்ற மாணவர் ஜி புரதம் என்றாலே சைக்ளிக் ஏஎம்பி கூடும் என்று எழுதிவிடுகிறார். அதே அட்ரினலின் ஆல்பா-2 என்ற வேறோர் ஏற்பியில் (இந்த ஆல்பா ஏற்பியின் பெயர், துணை அலகு அன்று) சேர்ந்தால் ஜி-ஐ என்ற ஜி புரதத்தின் வழியாகச் சைக்ளேஸ் தணிகிறது; ஆல்பா-1 ஏற்பியில் சேர்ந்தால் ஜி-க்யூ வழியாகப் பாஸ்போலைப்பேஸ்-சி என்ற நொதி தூண்டப்பட்டுச் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. ஒரே ஹார்மோன், மூன்று ஏற்பிகள், மூன்று முடிவுகள். மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியை நாடுவதும், மூக்கடைப்புக்கான சொட்டு மருந்துகள் ஆல்பா ஏற்பிகளைத் தூண்டி இரத்தக் குழாயைச் சுருக்குவதும் இந்த வேறுபாட்டால்தான். மனித மரபணுத்தொகுதியில் இந்த ஏழு சுருள் ஏற்பிகள் ஏறத்தாழ 800 இருக்க, ஆல்பா துணை அலகின் மரபணுக்களோ 16 மட்டுமே. நீடித்த தூண்டுதலில் ஏற்பி சோர்ந்துபோவதற்குக் காரணமான அரெஸ்டின் புரதமும் தொகுப்பில் இல்லை. அதை இளங்கலை அளவில் விட்டுவிடலாம். ஜி-ஐ இல்லாததை விட முடியாது.

பொருளின் தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: தண்டுகளும் மடல்களும் உறுதியானவை, ஏறத்தாழ 60 மாணவர் கைகளில் புழங்கியும் கீல் தளரவில்லை. நுரைப் பலகையின் துளைகள் மட்டும் விரிந்துகொண்டே வருகின்றன. ஐந்தாவது தண்டைச் சுற்றி இப்போது காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். பீட்டா-காமாவின் காந்தம் ஒருமுறை கழன்று விழுந்தது. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியது நிற்கிறது. பொதி செய்த முறை நன்று. எந்தத் துண்டும் உடையாமல் ஐந்து நாட்களில் வந்து சேர்ந்தது. மணியைப் பற்றிய பிழையை விளக்கி, படம் வரைந்து, தயாரிப்பாளருக்கு எழுதினேன். பதினொரு நாட்களுக்குப் பின் வந்த மறுமொழியில், பள்ளி மாணவர்களுக்காக எளிமைப்படுத்தியதாகக் கூறியிருந்தார்கள். எளிமைப்படுத்துவது என்றால் சிலவற்றை விட்டுவிடுவது. அரெஸ்டினை விட்டது எளிமைப்படுத்தல். பரிமாற்றத்தை ஒட்டுதலாகக் காட்டியது அப்படிப்பட்டதன்று. இதையும் மரியாதையோடு எழுதினேன். அடுத்த பதிப்பில் இரண்டாவது வில்லை ஒன்றைச் சேர்ப்பது பற்றி ஆலோசிப்பதாக இரண்டாம் மறுமொழி வந்தது. சேர்த்துவிட்டால் இந்த மதிப்புரையின் பாதிக்கு மேல் தேவையற்றதாகிவிடும், அதையே விரும்புகிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் ஹார்மோன்களைப் பற்றிய பாடத்துக்கு இது சற்று அதிகம். பெட்டியில் பாதி பயன்படாமல் கிடக்கும். கல்லூரியில் விலங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், செவிலியர் படிப்புகளை நடத்துபவர்களுக்கு இந்த விலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று என் கண்ணில் படவில்லை. சென்ற மாதம் துறைக்காக இரண்டாவது தொகுப்பையும் வாங்கியிருக்கிறோம். அதன் ஆல்பாவுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, நெம்புகோலின் முனையைத் தேய்த்துக் குறைத்து, சைக்ளேஸைத் தொட்டால் வில்லை வெளிவராமல் தடுக்கும்படி செய்துகொண்டிருக்கிறேன். அது ஜி-ஐ. வண்ணம் காய்ந்ததும் ஒரே பலகையில் இரண்டு ஏற்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே அட்ரினலின் உருண்டையை முதலில் ஒன்றிலும் பிறகு மற்றொன்றிலும் அழுத்திப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.